ஆழ்கடலில் மறைந்த கலம்

1912-ஆம் ஆண்டில் பனிப்பாறையில் மோதி மூழ்கிய டைட்டானிக் கப்பல், வட அட்லாண்டிக் சமுத்திரத்தில் சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அதனை நேரிற் காண விரும்புவோரைக் கட்டணம் பெற்று அழைத்துச் சென்று வந்த 'டைட்டன்' என்னும் சிறு நீர்மூழ்கிக் கலம், 2023-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் தேதி காலையில் ஐந்து பேருடன் கடலில் இறங்கிற்று. கலத்தை நிறுவிய அமெரிக்கக் கம்பெனியின் தலைவரே அதைச் செலுத்தினார். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திற்குப் பின்னர், மேலே காத்திருந்த 'போலார் பிரின்ஸ்' கப்பலுக்கும் கலத்திற்கும் இடையே இருந்த தொடர்பு அற்றுப்போயிற்று. பிற்பகலில் மேலெழ வேண்டிய கலம் எழவில்லை.

ஆழ்கடலில் ஒரு பொருளைத் தேடுவது நிலத்தில் தேடுவது போன்றதன்று. ஆயிரம் மீட்டருக்குக் கீழே சூரிய ஒளி சிறிதும் எட்டுவதில்லை. ரேடியோ அலைகளை உப்பு நீர் உறிஞ்சிவிடுகிறது. எஞ்சி நிற்பது ஒலி ஒன்றே. அது கடல் நீரில் வினாடிக்கு சுமார் 1,500 மீட்டர், அதாவது காற்றில் செல்வதைப்போல் நான்கு மடங்குக்கும் மேற்பட்ட வேகத்தில் செல்கிறது. எனினும் அதன் பாதை நேரானதன்று. நீரின் உஷ்ணநிலையும் அழுத்தமும் ஆழத்திற்கு ஆழம் மாறுபடுவதால் ஒலி வளைந்து செல்லும். ஓரிடத்திற் கேட்பது அடுத்த இடத்திற் கேளாமற் போவதும் உண்டு.

தேடும் பணியை அமெரிக்கக் கடலோரக் காவற்படை ஏற்றது. கலத்தில் 96 மணி நேரத்திற்கு வேண்டிய பிராணவாயு உண்டு என்று கணக்கிடப்பட்டது. அதன் வாயில் வெளியிலிருந்து 17 திருகாணிகளால் முடுக்கப்பட்டது. ஆகவே கலம் நீர்ப்பரப்பிற்கு வந்து மிதந்தாலும் உள்ளிருப்போர் தாமாக வெளிவர இயலாது. இதனால் நீர்ப்பரப்பையும் கடலடியையும் ஒருங்கே தேட வேண்டியதாயிற்று. கனடா நாட்டு விமானங்கள் ஒலி கேட்கும் மிதவைகளை நீரில் இட்டன. மிதவையினின்று நீருக்குள் தொங்கும் ஒலிவாங்கி கேட்பதை, மிதவை ரேடியோ மூலம் விமானத்திற்கு அறிவிக்கும்.

20-ஆம் தேதி அம்மிதவைகளில் தட்டுவதைப் போன்ற ஒலிகள் கேட்டன. செய்தி அறிந்த உலகம் நம்பிக்கை கொண்டது. அந்நம்பிக்கைக்கு முன்னுதாரணமும் இல்லாமலில்லை. 1973-இல் அயர்லாந்துக்கு அப்பால் சுமார் 480 மீட்டர் ஆழத்தில் சிக்கிய 'பைசஸ் 3' என்ற கலத்திலிருந்து, 76 மணி நேரத்திற்குப் பின்னர் இருவர் உயிருடன் மீட்கப்பட்டனர். ஆனால் அவர்களிடம் நீரடித் தொலைபேசி இருந்தது. மேலே இருந்தோருடன் அவர்கள் பேச முடிந்தது. டைட்டனிலிருந்தோ ஒரு சொல்லும் வரவில்லை.

22-ஆம் தேதி, பிராணவாயு தீர்ந்துவிடும் எனக் கருதப்பட்ட அதே காலைப்பொழுதில், தொலைவிலிருந்து இயக்கப்படும் யந்திரம் ஒன்று டைட்டானிக் கப்பலின் முன்முனையிலிருந்து சுமார் 500 மீட்டர் தூரத்தில் டைட்டனின் வால்பகுதியைக் கண்டது. பிற துண்டுகளும் அருகே கிடந்தன. கலம் நீரின் அழுத்தத்தால் உள்நோக்கி நொறுங்கியிருந்தது. ஐவரும் உயிரிழந்தனர். தட்டொலிகளுக்கும் கலத்திற்கும் சம்பந்தம் இருப்பதாகத் தோன்றவில்லை என்று அதிகாரிகள் கூறினர்.

அந்த ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் ஏறக்குறைய 390 கிலோகிராம் பளு அழுத்துகிறது. அதை எல்லாப் பக்கங்களிலும் சமமாகத் தாங்க வல்லது உலோகக் கோளம். சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்த 'மத்ஸ்யா 6000' கலத்திலும் மூவர் அமர்வதற்குரியது டைட்டேனியக் கோளமே. டைட்டனின் உடலோ, கார்பன் இழைகளைப் பசையிட்டு அடுக்கடுக்காகச் சுற்றிச் செய்த உருளை. அதன் இரு முனைகளில் மட்டுமே டைட்டேனிய மூடிகள்.

உண்மையை உரைத்த ஒலி முதல் நாளே கேட்டிருந்தது. தொடர்பு அற்ற வேளையில், கலம் நொறுங்குவதை ஒத்த ஒலியைத் தன் கருவிகள் பதிவு செய்ததாக அமெரிக்கக் கடற்படை பின்னர் வெளியிட்டது. அச்செய்தி தேடுவோர்க்கு அப்போதே தெரிவிக்கப்பட்டது. ஆனால் அது மட்டும் முடிவான சான்று ஆகாதென்பதால் தேடுதல் தொடர்ந்தது. உயிர்கள் சம்பந்தப்பட்டபோது அவ்வாறு தொடர்ந்தது முறையே.

போலார் பிரின்ஸ் கப்பலிலும் அவ்வொலி கேட்டது என்பது 2025-இல் வெளியான ஒளிப்படப் பதிவால் தெரிகிறது. கதவு அறைந்து மூடுவது போன்ற ஓசை அது. என்ன ஓசை என்று அங்கிருந்தவர் வியந்தார். சில வினாடிகளில், இரண்டு எடைகளைக் கழற்றிவிட்டதாகக் கலத்திலிருந்து செய்தி வந்தது. ஆகவே யாவும் நலமே என எண்ணினர். அச்செய்தியோ ஓசைக்கு முன்னரே கீழிருந்து புறப்பட்டது. கப்பலை அடைய அதற்கே அதிக நேரம் பிடித்தது.

இன்னும் ஓர் ஒலி உண்டு. 2022-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் தேதி, டைட்டன் ஆழத்திலிருந்து மேலே வந்தபொழுது பலத்த வெடியொலி கேட்டதாகவும், அதன்பின் உடலில் பொருத்திய அளவுக்கருவிகளின் அளவீடுகள் மாறியிருந்ததாகவும் விசாரணையில் வெளிப்பட்டது. கலம் தன் சட்டத்தில் சற்று நகர்ந்து அமைந்ததால் எழுந்த ஒலி என்று அதற்குச் சமாதானம் கூறப்பட்டது. பின்னர் டைட்டன் நியூபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்தில் பல மாதங்கள் குளிரில் வெட்டவெளியில் நிறுத்தப்பட்டிருந்து, மறு ஆண்டு மீண்டும் கடலுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.