இடுப்பில் உட்காரும் பை

மாசி பிறந்துவிட்டால் என் கடைக்கு மலையேறும் பைகள் வரத் தொடங்கிவிடும். வெள்ளியங்கிரிக்குப் போக பிப்ரவரி முதல் மே வரைதான் அனுமதி. கோவையில் பை தைப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில் என்பதால், எந்தப் பை மலையில் என்ன பாடு பட்டது என்பது என் மேசைக்கு வந்து சேர்ந்துவிடும். கிழிந்து வருவதில் முக்கால்வாசி ஒரே இடத்தில்தான் கிழிந்திருக்கும். தோள்பட்டி, பையின் மேல்விளிம்போடு சேருகிற தையல். காலேஜுக்கும் ஆபீஸுக்கும் லேப்டாப் தூக்கத் தைத்த பையில் மூன்று லிட்டர் தண்ணீர், கம்பளி, ஸ்வெட்டர், புளிச்சாதம் என்று திணித்து ஏழு மலை ஏறினால் அந்தத் தையல் விட்டுப்போகத்தான் செய்யும்.

"அண்ணா, கெட்டியாத் தெச்சுக் குடுங்க. போன தடவ அஞ்சாவது மலையிலயே பிஞ்சிருச்சுங்க" என்பார்கள். தைத்துக் கொடுப்பேன். கூடவே ஒன்று கேட்பேன்: "தம்பி, இடுப்புல கட்டுற பெல்ட் இருக்குதுங்களா இதுல?" பெரும்பாலும் இருக்காது. இருந்தால் அரை விரல் அகல நாடாவாக இருக்கும். அதையும் யாரும் மாட்டியிருக்க மாட்டார்கள்.

மலைக்குப் பை வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது நிறத்தை, பிறகு எத்தனை பாக்கெட் என்பதை. கொஞ்சம் விவரமானவர்கள் எடையைக் கேட்கிறார்கள். நான் சொல்வது, முதலில் உங்கள் முதுகை அளந்து பாருங்கள், அடுத்து உள்ளே வைக்கப்போகும் சாமானை நிறுத்துப் பாருங்கள், பையின் எடைக்கு மூன்றாவதாக வாருங்கள். இந்த வரிசை மாறினால் 600 கிராம் பைகூட உங்களுக்குக் கனமாகத்தான் இருக்கும்.

காரணம் நம் உடம்பில் இருக்கிறது. தோளிலும் கழுத்திலும் இருப்பவை கையை அசைக்கிற, தலையைத் திருப்புகிற தசைகள். மணிக்கணக்கில் பாரம் தாங்குகிற வேலை அவற்றுக்குச் சரிவராது. இடுப்பெலும்பு அப்படியில்லை, நிற்கும்போதும் நடக்கும்போதும் மேலுடம்பு முழுவதையும் அதுதான் கால்களுக்குக் கடத்துகிறது. அதன் மேல் இன்னும் ஆறேழு கிலோ உட்கார்ந்தால் அது பெரிதாகக் கண்டுகொள்ளாது.

இதைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தச்சு வேலை பார்த்துவந்த டிக் கெல்டி. 1950களின் தொடக்கத்தில் நண்பரோடு சியரா மலைகளில் நடந்தபோது, முதுகில் இருந்த மரச்சட்டத்தின் கீழ் நுனிகளை ஜீன்ஸின் பின்பாக்கெட்டுகளில் செருகிக்கொண்டார்கள். தோளில் இருந்த பாரம் இடுப்புக்கு இறங்கிவிட்டது. 1952-ல் கிளெண்டேல் ஊரில் வீட்டிலேயே அலுமினியச் சட்டமும் இடுப்பு பெல்ட்டும் வைத்த பைகளைச் செய்து விற்க ஆரம்பித்தார். சட்டத்தை வளைத்தவர் அவர். பையைத் தைத்தவர் அவர் மனைவி நீனா. இன்று கடையில் தொங்கும் விலை உயர்ந்த எந்த மலைப் பையை எடுத்தாலும் அந்தத் தம்பதியின் வேலை அதற்குள் இருக்கிறது.

பாரம் இடுப்புக்கு இறங்க வேண்டுமென்றால் பெல்ட் இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். இங்கேதான் முதுகு அளவு வருகிறது. ரவிக்கைக்கு அளவெடுக்கும்போது உயரம் எவ்வளவு என்று கேட்டுத் தைப்பதில்லை. தோள், கை, இடுப்பு என்று தனித்தனியாக டேப் வைக்கிறோம். பையும் அதே கணக்குத்தான். ஐந்தே கால் அடி உயரமுள்ள பெண்ணின் முதுகு, ஐந்தே முக்கால் அடி ஆணின் முதுகைவிட நீளமாக இருப்பதை நான் அளந்து பார்த்திருக்கிறேன். அந்த ஆணுக்குக் கால் நீளம், அந்தப் பெண்ணுக்கு முதுகு நீளம், அவ்வளவுதான்.

அளப்பது எளிது. தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஒரு எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். டேப்பின் ஒரு நுனியை அங்கே வைக்கச் சொல்லுங்கள். இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் வைத்து, கட்டைவிரல்களைப் பின்னால் நீட்டுங்கள். விரல்கள் காட்டும் கோட்டை முதுகெலும்பு தொடும் இடம் வரை எவ்வளவு வருகிறதோ அதுதான் உங்கள் முதுகு அளவு. எனக்கு 44 சென்டிமீட்டர். நல்ல கம்பெனிகள் ஒரே பையை இரண்டு மூன்று அளவுகளில் தைக்கின்றன. சிலவற்றில் தோள்பட்டியை ஏற்றி இறக்கலாம். 'ஃப்ரீ சைஸ்' என்று மட்டும் போட்ட பையாக இருந்தால் மாட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

அடுத்தது சாமான். நீண்ட தூரம் நடக்கும் அமெரிக்கர்கள் 'பேஸ் வெயிட்' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சாப்பாடு, தண்ணீர், அடுப்பு எரிபொருள் மூன்றையும் விட்டுவிட்டு, பையையும் சேர்த்து மீதி எல்லாவற்றின் எடை. அது 9 கிலோவுக்குள் இருந்தால் 'லைட்வெயிட்', நாலரை கிலோவுக்குள் வந்தால் 'அல்ட்ராலைட்'. நம் ஊரில் பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள். முதலில் 60 லிட்டர் பையை வாங்கிவிட்டு, இடம் இருக்கிறதே என்று இரண்டாவது ஜீன்ஸ், மூன்றாவது டி-ஷர்ட், முழு டப்பா டால்கம் பவுடர் என்று நிரப்புகிறார்கள். ஈரமான ஜீன்ஸ் ஒன்றே ஒரு கிலோவைத் தாண்டும். சாமான்களை ஒவ்வொன்றாகச் சமையலறைத் தராசில் வைத்து எடையை ஒரு தாளில் எழுதுங்கள். தாள் நிறைவதற்குள் பாதிச் சாமான் பீரோவுக்குத் திரும்பிவிடும். மிச்சம் இருப்பதற்கு எத்தனை லிட்டர் பை தேவை என்பது அப்போதுதான் தெரியும். அதனால் பையைக் கடைசியாக வாங்குங்கள் என்று என்னிடம் வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன்.

இந்தக் கணக்கு பிறப்பதற்கு முன்பே அதன்படி நடந்து காட்டிய ஒரு பாட்டி இருக்கிறார். எம்மா கேட்வுட், ஒஹையோ மாநிலத்துக்காரர், பதினோரு பிள்ளைகள் பெற்றவர். 1955-ல், 67 வயதில், ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை செல்லும் அப்பலாச்சியன் பாதையைத் தனியாக முழுவதும் நடந்து முடித்தார். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். கூடாரம் கிடையாது, ஸ்லீப்பிங் பேக் கிடையாது. மழைக்குக் குளியலறைத் திரை ஒன்று, குளிருக்குக் கம்பளி, காலில் கேன்வாஸ் ஷூ. எல்லாவற்றையும் போட்டு ஒரு தோளில் தொங்கவிட்டது, அவரே டெனிம் துணியில் தைத்த பை. இடுப்பு பெல்ட் இல்லாமலே அவரால் போக முடிந்ததற்குக் காரணம் உள்ளே இருந்த சாமான் அவ்வளவு குறைவு.

பின்னால் ரே ஜார்டின் என்பவர் வந்தார். விண்வெளித் துறை இன்ஜினியராக இருந்து, பாறை ஏறுபவர்களுக்கான கருவி ஒன்றைக் கண்டுபிடித்தவர். மெக்ஸிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை போகும் பசிபிக் க்ரெஸ்ட் பாதையைப் பற்றி 1992-ல் கையேடு எழுதினார். அவரும் தன் பையைத் தானே தைத்துக்கொண்டவர். சட்டம் இல்லை, பெல்ட் இல்லை, வெறும் நைலான் சாக்கு. அந்த வழியில் வந்த கிளென் வான் பெஸ்கி தன் பையின் வெட்டு அளவுகளை யார் வேண்டுமானாலும் தைத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாகக் கொடுத்தார். நீனா கெல்டியில் தொடங்கி இவர் வரைக்கும் பார்த்தால், எடை குறைந்த பைகளின் வரலாறு பெரிய ஃபேக்டரிகளில் எழுதப்படவில்லை. வீட்டுத் தையல் மிஷின்களில்தான் எழுதப்பட்டது. என் தொழிலில் எனக்குப் பெருமை தரும் விஷயம் இது.

நான் இப்போது பெரும்பாலும் எடுத்துப்போவதும் நானே தைத்த பைதான். 40 லிட்டர், 640 கிராம். உடம்புக்கு 210 டெனியர் ரிப்ஸ்டாப் நைலான். டெனியர் என்பது நூலின் கனத்தைச் சொல்லும் அளவு: 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் இருக்கிறதோ அத்தனை டெனியர். சாதாரண ஸ்கூல் பையில் வருவது 600 டெனியர் பாலியஸ்டர். எண் பெரிது, துணியும் கனம். ஆனால் நைலான் நூலுக்கு இழுவைத் தாங்குதிறன் அதிகம் என்பதால் மெல்லியதே போதும். ரிப்ஸ்டாப்பில் சில மில்லிமீட்டருக்கு ஒரு தடித்த நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். முள் குத்தினாலும் ஓட்டை அந்தக் கட்டத்துக்குள் நின்றுவிடும். பாறையில் உரசும் அடிப்பகுதிக்கு மட்டும் 420 டெனியர் போட்டேன்.

தோள்பட்டி சேரும் இடத்தைப் பாருங்கள் என்று எல்லோருக்கும் அந்தப் பையைத் திருப்பிக் காட்டுவேன். பட்டியைத் துணியில் வைத்து நேராக ஒரு ஓட்டு ஓட்டிவிட்டால் போதாது. இழுக்கும்போது தையலின் ஓரத்தில்தான் முழு விசையும் விழும். அதனால் பட்டியின் நுனி ஒன்றரை அங்குலம் உள்ளே போகும்படி வைத்து, பின்னால் கெட்டி நாடா ஒன்றைக் கொடுத்து, சதுரமாகவும் உள்ளே குறுக்காகவும் தைத்து, இரண்டு பக்கமும் பார்டேக் என்னும் கெட்டித் தையல் அடித்திருக்கிறேன். மெல்லிய துணியில் தையலை நெருக்கிப் போடுவதும் தப்பு. ஊசித் துளைகள் வரிசையாக நின்று துணியே அங்கே கிழிந்துவிடும். நூல், பாண்டட் நைலான். பருத்தி நூலில் தைத்த மலைப் பை வியர்வையிலும் மழையிலும் நைந்துபோகும். முதுகுப் பக்கம் சட்டத்துக்குப் பதிலாக, உட்காருவதற்கு எடுத்துப்போகும் ஃபோம் பாயை மடித்துச் செருகிக்கொள்வேன். இடுப்பு பெல்ட்டை மட்டும் விடவில்லை. நாலு விரல் அகலத்தில் மெத்தை வைத்த பெல்ட்; அதன் எடை 110 கிராம். ஜார்டினுக்கு அது வேண்டாமலிருக்கலாம். என் இடுப்புக்கு அது வேண்டும்.

இந்தப் பைக்கும் எல்லை உண்டு. ஏழெட்டு கிலோ வரை சுகமாகப் போகும். 9 கிலோவைத் தாண்டினால் சட்டமில்லாத எந்தப் பையும் நடுவில் மடங்கி, பாரத்தைத் தோளுக்கே திருப்பிக் கொடுத்துவிடும். குளிர்காலத்தில் உத்தரகாண்டின் கேதார்காந்தாவுக்குப் போகிறவர்கள், பனிக்கு வேண்டிய ஜாக்கெட்டும் தூங்கும் பையும் தூக்குகிறவர்கள், அலுமினியக் கம்பி வைத்த 50 லிட்டர் பை எடுப்பதே சரி. அது ஒரு கிலோ, ஒன்றே கால் கிலோ இருக்கும். இரண்டரை கிலோ இருந்த பழைய ரக்சாக்குகளோடு பார்த்தால் இதுவே பாதி. அங்கே 400 கிராம் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது முதுகுவலியில்தான் முடியும்.

டைனீமா பைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். பந்தயப் படகுகளின் பாய்களுக்காக உருவான துணி அது. மெல்லிய பிளாஸ்டிக் படலங்களுக்கு நடுவே மிக உறுதியான இழைகளை வைத்து ஒட்டியிருப்பார்கள். தண்ணீர் குடிக்காது, நீளாது, எடையே தெரியாது. அமெரிக்காவில் ஒரு பை 300 டாலருக்கு மேல். வெறும் டைனீமாவில் கூரான கல் பட்டால் துளை விழும், ஊசித் துளைகளை டேப் ஒட்டி அடைக்க வேண்டும், நம் ஊரில் பழுது பார்ப்பதும் கஷ்டம். ஒரு நாள், இரண்டு நாள் மலைக்கு அந்தச் செலவு வீண் என்பது என் கருத்து.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. பையின் மேல் மாட்டும் உறை முதுகுப் பக்கத்தை மூடுவதில்லை. தண்ணீர் முதுகு வழியாகவே இறங்கும். நான் ஐம்பது கிலோ சர்க்கரை மூட்டைக்குள் வரும் பாலித்தீன் உறையை வாங்கிக் கழுவிக் காயவைத்து, பைக்குள் விரித்து, அதற்குள்தான் துணிமணிகளை வைக்கிறேன். வாயை முறுக்கி மடித்துவிட்டால் சொட்டு இறங்காது. ஊருக்குத் திரும்பியதும் பையைக் காயவைக்காமல் பரணில் போட்டுவிடாதீர்கள். துணியின் உள்பக்கம் இருக்கும் பாலியூரித்தேன் பூச்சு ஈரத்திலும் வெக்கையிலும் சிதைந்து, பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, செதில் செதிலாக உரிந்துவிடும். அப்படி வரும் பையை என்னால் சரிசெய்ய முடியாது. யாராலும் முடியாது.

தமிழக வனத்துறை 2024 அக்டோபரில் 40 மலைப்பாதைகளை முன்பதிவு செய்து நடக்கத் திறந்துவிட்டது. அதில் பலவற்றைக் காலையில் தொடங்கி மாலைக்குள் முடித்துவிடலாம். அவற்றுக்கு 20 லிட்டர் பை தாராளம். இரண்டு லிட்டர் தண்ணீர், மதியச் சாப்பாடு, மழைக்கோட்டு, டார்ச், ஒரு முதலுதவிப் பொட்டலம். நாலைந்து கிலோதான். அதற்குச் சட்டமும் வேண்டாம், பெரிய விலையும் வேண்டாம். மார்பில் மாட்டும் சின்னப் பட்டி இருக்கிறதா, தோள்பட்டி சேரும் இடத்தில் சதுரத் தையல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பெரிய பை வாங்கப் போகிறீர்கள் என்றால் உங்கள் சாமானை ஒரு கட்டைப் பையில் கடைக்கே எடுத்துப் போங்கள். கனமானதை முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே வரும்படி வைத்து நிரப்புங்கள். தோள்பட்டிகளைத் தளர்த்திவிட்டு, முதலில் இடுப்பு பெல்ட்டை இறுக்குங்கள், பிறகுதான் தோள். கால் மணி நேரம் கடைக்குள்ளேயே நடங்கள். படி இருந்தால் ஏறி இறங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. அதற்குப் பிறகு தோளுக்கும் பட்டிக்கும் நடுவே இரண்டு விரல் சிரமமில்லாமல் நுழைந்தால் அந்தப் பையை வாங்கலாம். நுழையாவிட்டால், சீட்டில் எத்தனை கிராம் குறைவாகப் போட்டிருந்தாலும் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.