கழிவே மூலப்பொருள்: ஐதராபாத் ஆய்வுகள் காட்டும் வழி

நகரம் வளரும் வேகத்திற்கு ஈடாகக் கழிவுநீர் வசதிகள் வளர்வதில்லை. ஐதராபாத்தின் மாதாப்பூர் இதற்குத் தக்க சான்றாகும். 1998-இல் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்ட பின்னர் அங்கு அலுவலகங்களும் குடியிருப்புகளும் பெருகின. ஒரு காலத்தில் கோல்கொண்டா கோட்டைக்குக் குடிநீர் வழங்கியதாகக் கூறப்படும் துர்க்கம் செருவு ஏரியில் கழிவுநீர் கலந்து, ஆகாயத்தாமரை மண்டியது. சுத்திகரிப்பு நிலையம் அமைப்பது இதற்குத் தீர்வு எனினும், அதனை நாள்தோறும் இயக்கும் செலவை ஈடுகட்டுவது எவ்வாறு என்பதே அடிப்படை வினா.

செலவின் காரணம்

1914-இல் மான்செஸ்டரில் உருவான முறையே இன்றும் பரவலாகக் கையாளப்படுகிறது. கழிவுநீரில் காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்களைப் பெருக்குவது இதன் தத்துவம். காற்றைச் செலுத்த மின்சாரம் வேண்டும். எஞ்சும் சேற்றை அகற்றவும் செலவாகும். ஆயினும் கழிவுநீரிலுள்ள கரிமப் பொருளில் ஆற்றல் பொதிந்துள்ளது. காற்றில்லாச் சூழலில் சிதைந்தால், ஒரு கிலோ ஆக்சிஜன் தேவைக்குச் சமமான கரிமப் பொருளிலிருந்து கோட்பாட்டளவில் 0.35 கனமீட்டர் மீத்தேன் கிடைக்கும்.

ஆய்வின் திசை

ஐதராபாத் இந்திய இரசாயனத் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய சுற்றுச்சூழல் பொறியியல் அறிஞர் எஸ். வெங்கட மோகன் இவ்வாற்றலை மீட்பதைத் தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டார். இருளில் நிகழும் நொதித்தலால் கழிவுநீரிலிருந்து ஹைட்ரஜன் பெறலாம். ஆனால் குளுக்கோஸின் ஒரு மூலக்கூறிலிருந்து அதிக அளவாக நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறுகளே கிடைக்கும். எஞ்சிய ஆற்றல் அமிலங்களாகத் தங்கிவிடும். அவ்வமிலங்களை மீத்தேனாகவோ, மட்கும் பிளாஸ்டிக்காகவோ, நுண்ணுயிர் எரிபொருள் கலத்தின் வாயிலாக மின்சாரமாகவோ மாற்றலாம். ஒரு கட்டத்தின் கழிவு அடுத்த கட்டத்தின் மூலப்பொருளாகும் இந்த இணைப்பே அவருடைய அணுகுமுறையின் சிறப்பு. 2014-ஆம் ஆண்டின் பொறியியல் பிரிவில் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

சந்தையில் ஒரு சோதனை

இதே கழகத்தின் ஏ. கங்காக்னி ராவ் குழுவினர் உருவாக்கிய காற்றில்லாச் செரிமானக் கலன் போயின்பள்ளி காய்கறிச் சந்தையில் நிறுவப்பட்டது. நாள்தோறும் சுமார் 10 டன் கழிவிலிருந்து ஏறத்தாழ 500 யூனிட் மின்சாரம் கிடைத்ததாக 2021-இல் தெரிவிக்கப்பட்டது. அதாவது, டன்னுக்கு 50 யூனிட். மின்சாரத்தின் விலையை மட்டும் கணக்கிட்டால் இது சிறு வரவே. லாரி வாடகையும், குப்பைக் கிடங்கிற்கான நிலமும் மிச்சமாவதையும், கிடைக்கும் எருவின் மதிப்பையும் சேர்த்தால்தான் திட்டத்தின் உண்மைப் பயன் புலனாகும்.

காய்கறிச் சந்தையில் கழிவு ஒரே இனமாக இருப்பது இத்திட்டத்திற்குப் பெருந்துணை. வீட்டுக் குப்பையில் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் கலந்திருப்பின் எக்கலனும் பழுதின்றி இயங்காது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், கழிவு தோன்றும் இடத்திலேயே தரம் பிரிப்பதை வலியுறுத்தியது இக்காரணத்தாலேயே. ஆய்வுக்கூடம் தன் பங்கை ஆற்றியுள்ளது. அதன் பயன் நகருக்குக் கிட்டுவது இல்லத்தாரின் ஒத்துழைப்பையும் நகராட்சியின் கண்காணிப்பையும் பொறுத்தது.