தேக்கடியில் நம்ம டிக்கெட் காசு யாரிடம் போகுது?

மலைப்பக்கம் எந்தத் தங்கும் விடுதியைப் பார்த்தாலும் பெயர்ப்பலகையில் "ஈகோ" ஒட்டிக்கொண்டிருக்கிறது. கூரையில் கொஞ்சம் மூங்கில் வைத்து, வாசலில் ஒரு மரப்பலகை மாட்டிவிட்டால் அது சூழல் சுற்றுலா ஆகிவிடுகிறது. இதோடு "சமூகம்" என்ற சொல்லையும் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லா இருக்கும், அவ்ளோதான். உண்மையிலேயே உள்ளூர் மக்கள் நடத்தும் காட்டுப் பயணம் எது, பெயருக்குச் சொல்வது எது என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

இந்தக் கேள்விக்கு நல்ல விடை கிடைக்கும் இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கு. மதுரையிலிருந்து தேனி, கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் வழியா மலை ஏறினா குமுளி. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தேக்கடி, அதாவது பெரியார் புலிகள் காப்பகம். 1895-ல் பென்னிகுவிக் அணை கட்டி முடித்ததால் உருவான ஏரிதான் அதன் நடுவே இருப்பது. தண்ணீரில் மூழ்கிய மரங்களின் பட்டுப்போன தண்டுகள் இன்னும் ஏரிக்குள் நிற்கின்றன. 1934-ல் திருவிதாங்கூர் அரசு இதை விலங்கு சரணாலயம் ஆக்கியது. 1978-ல் புலிகள் காப்பகம் ஆனது. 1982-ல் மையப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

தேனியிலும் மதுரையிலும் வயலுக்கும் குடத்துக்கும் வரும் தண்ணீர் இந்தக் காடு பிடித்து வைக்கும் மழைதான். அதனால் இந்தக் காட்டை யார் காக்கிறார்கள், அவர்களுக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்பது நமக்குச் சம்பந்தம் இல்லாத விஷயம் இல்லை.

பட்டை உரித்தவர்கள்

1990-கள் வரை இங்கே நடந்தது எல்லாக் காட்டிலும் நடக்கும் அதே கதை. வனத்துறை ஒரு பக்கம், ஊர் மக்கள் மறுபக்கம். விறகு பொறுக்கினால் வழக்கு, புல் அறுத்தால் அபராதம்.

இதில் ஒரு குழு தனி. காட்டு இலவங்கப்பட்டை மரத்தை அந்தப் பக்கம் வயணா என்பார்கள். அந்த மரத்தின் பட்டையை உரித்து மூட்டை கட்டி, ராத்திரியோட ராத்திரியா மலைப்பாதையில் இறக்கி விற்றவர்கள் இவர்கள். பட்டையை உரித்தா மரம் செத்துப்போகும். பல நாள் காட்டுக்குள்ளேயே தங்க வேண்டிய வேலை என்பதால் சாப்பாட்டுக்கு வேட்டையும் நடக்கும். ஆளுக்குப் பல வழக்குகள். கையில் மிஞ்சியதோ கொஞ்சம்தான். பெரிய லாபம் கீழே வாங்குகிற வியாபாரிக்குப் போச்சு.

இன்னொரு பக்கம் மன்னான், பளியர் என்ற பழங்குடிகள். காட்டுக்குள் இருந்தவர்களை 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் குமுளி ஓரத்துக்குக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். நிலத்தில் மிளகு நல்லா விளைந்தது. ஆனால் அவசரத்துக்கு வாங்கிய கடனுக்காக, கொடியில் இருக்கும்போதே மிளகு வெளி வியாபாரி கைக்குப் போய்விடும். மிளகு விலை ஏறினாலும் குடும்பத்துக்கு ஒன்றும் ஏறாது.

இரண்டு கதையிலும் ஒரே ஓட்டை இருப்பதைக் கவனிச்சிருப்பீங்க. காட்டை நன்றாகத் தெரிந்தவன் கையில் காசு நிற்பதில்லை. நடுவில் இருக்கிறவன் எடுத்துக்கொள்கிறான்.

1996-க்குப் பிறகு

உலக வங்கி, உலகளாவிய சூழல் நிதியம் ஆகியவற்றின் உதவியோடு 1996-ல் இந்திய சூழல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. நாட்டில் ஏழு காப்பகங்கள் இதில் இருந்தன, பெரியார் அவற்றில் ஒன்று. பணம் வந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அதே திட்டத்தில் இருந்த கர்நாடகத்தின் நாகரஹொளேயில் பழங்குடிகள் எதிர்த்தார்கள், விவகாரம் உலக வங்கியின் ஆய்வுக் குழு வரைக்கும் போச்சு.

பெரியாரில் ஊர் ஊராக, தொழில் வாரியாக சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் அமைத்தார்கள். உள்ளூரில் சுருக்கமா இ.டி.சி. பழங்குடிகளின் மிளகுக் கடனை அடைத்து, மிளகைக் குழு மூலமாகவே விற்க ஏற்பாடு நடந்தது. சபரிமலைக் காலத்தில் காட்டுப்பாதையில் கடை போடுகிறவர்களுக்குத் தனிக் குழு. விலங்குகளின் தடம் பார்க்கத் தெரிந்த பழங்குடி இளைஞர்களுக்கு ஒரு வழிகாட்டிக் குழு.

பட்டை உரித்தவர்களுக்கும் ஒன்று. பெயரே "முன்னாள் வயணா பட்டை சேகரிப்போர் குழு". பழைய தொழிலை மறைக்கவில்லை, பெயரிலேயே வைத்துவிட்டார்கள். வழக்குகளைக் கைவிடுவது, பதிலுக்குக் கடத்தல் பற்றித் தெரிந்ததைச் சொல்வது, பிறகு காட்டுக்குள் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப்போவது என்பதுதான் உடன்பாடு. 1990-களின் இறுதியில் "டைகர் டிரெயில்" என்ற நடைப்பயணம் இப்படித்தான் ஆரம்பித்தது. காட்டில் இரவு கூடாரத்தில் தங்கி நடக்கும் பயணம். வருமானம் தனி ஆள் பைக்குப் போகாமல் குழுவின் பொதுக் கணக்குக்குப் போகும், அங்கிருந்து சம்பளம்.

சுற்றுலா என்ற பெயரில் ஒரு ரோந்து

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். காட்டைக் காக்க ஆள் தினமும் உள்ளே நடக்க வேண்டும். காலடித் தடம், கண்ணி, அணைந்த அடுப்பு, வெட்டிய மரம் இதையெல்லாம் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்க முடியாது. ஆனா நடக்கிறவனுக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

டைகர் டிரெயிலில் பயணிகள் ஐந்து பேர் அளவுக்குத்தான். கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையில் வழிகாட்டிகள், கூடவே துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர். சாதாரணச் சுற்றுலாக் கணக்கில் இது நஷ்ட வியாபாரம் மாதிரி தெரியும். ஐந்து பேரைக் கூட்டிப்போக ஆறு ஆளா?

கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. அந்த ஆறு பேரும் எப்படியும் காட்டில் நடக்க வேண்டியவர்கள். நடக்கும் பாதை ஒரு காலத்தில் பட்டை மூட்டை இறங்கிய பாதைகளை ஒட்டியது. எந்தத் திருப்பத்தில் கடத்தல்காரன் ஒளிவான், எந்த ஓடையில் தண்ணீர் நிற்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. நாம் கொடுக்கும் கட்டணம் அவர்களின் ரோந்துக் கூலி. யானையும் காட்டுமாடும் நம் கண்ணில் படுவது அந்த ரோந்தின் சைடு எஃபெக்ட்.

ஆகவே ஒரு காட்டுப் பயணம் உண்மையிலேயே சமூகம் சார்ந்ததா என்று பார்க்க நான் மூன்று கேள்வி வைத்திருக்கிறேன். பணம் யார் கணக்கில் முதலில் விழுகிறது? கூட வருபவரின் காட்டு அறிவுக்கு அந்த வேலையில் மதிப்பு உண்டா, இல்லை பெட்டி தூக்கத்தான் கூப்பிடுகிறார்களா? பயணிகள் வருவதால் காட்டில் காவல் கூடுகிறதா, கூட்டம் கூடுகிறதா?

திட்டம் 2004-ல் முடிந்தது. வெளிப்பணம் நின்றால் இப்படிப்பட்ட குழுக்கள் கலைவதுதான் வழக்கம். இங்கே 2004-லேயே பெரியார் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளையைப் பதிவு செய்தார்கள். பார்வையாளர்களிடம் நுழைவுக் கட்டணத்தோடு வாங்கும் சூழல் மேம்பாட்டுக் கூடுதல் கட்டணம் அதற்குப் போகும். 2006-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது, எல்லாப் புலிகள் காப்பகத்துக்கும் இதுபோன்ற அறக்கட்டளை வேண்டும் என்று 38எக்ஸ் பிரிவு சேர்ந்தது.

அளவு தப்பினால்

தேக்கடி என்றால் பெரும்பாலானோருக்கு ஞாபகம் வருவது படகுதான். ஒன்றரை மணி நேரம், உட்கார்ந்தபடி கரையில் யானை பார்க்கலாம். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் அதுதான் வசதி. ஆனால் படகில் நூறு பேர் போனாலும் காட்டுக்குள் ஒரு ஆள் கூடுதலாக நடக்கப் போவதில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று ஜலகன்யகா என்ற படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். லைஃப் ஜாக்கெட் கட்டாயமானது அதற்குப் பிறகுதான். படகில் போனால் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளாதீங்க, விலங்கு தெரிந்ததும் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓடாதீங்க.

அளவு என்பது சட்டத்திலும் வந்தது. 2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் மையப்பகுதியில் சுற்றுலாவைத் தற்காலிகமாக நிறுத்தியது. அக்டோபரில் புதிய வழிகாட்டு நெறிகள் வந்து தடை நீங்கியது. மையப்பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்குக் கூடாது என்பது அதில் ஒன்று.

அந்தச் சில மாதம் இந்த மாதிரியின் பலவீனத்தையும் காட்டியது. சுற்றுலாவை மட்டும் நம்பியவனுக்கு நீதிமன்ற உத்தரவு ஒன்று போதும், வருமானம் நின்றுவிடும். 2020-ல் கொரோனாவுக்காகக் காப்பகங்கள் மூடியபோதும் அதேதான். எங்க பாஷையில் சொன்னால் சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர். மிளகு மாதிரி இன்னொரு வருமானம் இருக்கிற குடும்பம் தாங்கும், வழிகாட்டி வேலை மட்டும் இருக்கிற குடும்பம் திணறும்.

இன்னொன்று, எல்லாருக்கும் கூலி கிடைக்கிறது என்றும் சொல்ல முடியாது. 2002-ல் உள்ளூர்ப் பெண்கள் வசந்த சேனை என்ற குழுவைத் தொடங்கினார்கள். முறை வைத்து தினமும் காட்டோரத்தில் ரோந்து போவார்கள், சந்தன மரங்கள் இருக்கும் பகுதி. சம்பளம் இல்லாமல் செய்த வேலை அது. ஆண்களின் ரோந்துக்குப் பயணி காசு தருகிறான், பெண்களின் ரோந்து சேவையாக நிற்கிறது. இதைப் பாராட்டிவிட்டு மட்டும் நகர்ந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

உங்க பயணத்தை எப்படித் திட்டமிடலாம்

*எப்போது:* பிப்ரவரி முதல் மே வரை உள்ளே ஓடைகள் வற்றும், விலங்குகள் ஏரிக்கரைக்கு வரும். ஜூன், ஜூலை மழை, அட்டை அதிகம். நவம்பர் பாதி முதல் ஜனவரி பாதி வரை சபரிமலைக் கூட்டம், குமுளியில் அறையும் கிடைக்காது, சாலையும் நகராது.

*எதில்:* நேரம் குறைவு என்றால் மூன்று மணி நேரக் காலை நடை. ஒரு நாள் முழுக்க இருந்தால் மூங்கில் தெப்பம். கொஞ்சம் நடை, கொஞ்சம் தெப்பம், சுமார் பத்துப் பேர், மாலையில் திரும்பலாம். உடம்பு ஒத்துழைத்தால் டைகர் டிரெயில். எல்லாமே இடம் குறைவு, வனத்துறையின் தளத்திலோ குமுளியில் உள்ள அலுவலகத்திலோ முன்கூட்டியே பதிவு செய்யுங்க. ஊரில் தரகர் யாராவது "அதே டிரெக்கிங்தான் சார்" என்று கூப்பிட்டால், ரசீதில் யார் பெயர் இருக்கு என்று கேளுங்க. கேள்வி ஒன்று அங்கேயே முடிஞ்சிடும்.

*இரண்டு நாள் கணக்கு:* முதல் நாள் மதியத்துக்குள் குமுளி, மாலைப் படகு. சொந்த வண்டியை வெளியே நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில்தான் படகுத்துறை போக வேண்டும், அதற்கும் நேரம் வைத்துக்கொள்ளுங்க. இரண்டாம் நாள் விடியலில் நடை அல்லது தெப்பம்.

*என்ன எடுத்துப்போவது:* பச்சை, பழுப்பு நிற உடை. பளிச்சென்ற மஞ்சளும் சிவப்பும் வேண்டாம். செண்ட் வேண்டாம். பைனாகுலர் இருந்தால் நல்லது. அட்டைக்கு முழங்கால் வரை வரும் துணி உறை அங்கேயே தருவார்கள். பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் கொண்டுபோகாதீங்க.

*என்ன எதிர்பார்ப்பது:* புலி தெரியாது. தெரிந்தால் உங்க அதிர்ஷ்டம். காட்டுமாடு, மிளா, கருமந்தி, மலை அணில், ஏரியில் நீர்நாய், மரத்தண்டில் சிறகு உலர்த்தும் பாம்புத்தாரா, நேரம் நல்லா இருந்தால் இருவாச்சி. வழிகாட்டி கை காட்டி நில்லுங்க என்றால் நின்றுவிட வேண்டும். ஃபோட்டோவுக்காக இன்னும் பத்தடி கிட்டே போகலாமா என்று அவரைக் கெஞ்சாதீங்க. முடியாது என்று விருந்தாளியிடம் சொல்ல அவருக்குச் சங்கடம். யானை திரும்பினால் முதலில் முன்னால் நிற்கப் போவதும் அவர்தான்.

நடக்கும்போது பேச்சுக் கொடுங்க. தமிழ் அங்கே நன்றாகப் புரியும். விலங்கு எங்கே என்று மட்டும் கேட்காமல், இந்த மரத்துக்கு என்ன பெயர், இந்தத் தடம் எத்தனை மணி நேரத்துக்கு முன்னால் விழுந்தது என்று கேட்டுப் பாருங்க. நீங்க காசு கொடுத்தது அவருடைய இந்த அறிவுக்காகத்தான். திரும்பி வந்து ஊரில் சொல்லும்போதும் எத்தனை விலங்கு பார்த்தோம் என்பதோடு, யாரோடு நடந்தோம், எந்தக் குழு கூட்டிப்போச்சு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க. அடுத்து போகிறவர் தரகரிடம் போகாமல் நேரே அந்தக் குழுவிடம் போவார்.