லிஸ்பன் குன்றும் ஓர் இரும்பு வேலியும்

போர்த்துகல் தேசத்தின் தலைநகராகிய லிஸ்பன் மேடும் பள்ளமுமான நகரம். அதன் குன்றுகளின் விளிம்பில், நெருங்கிய வீடுகளினிடையே, சில திறந்த வெளிகளை ஜனங்களுக்கென விட்டுவைத்திருக்கிறார்கள். 'மிராதோரு' என்று அவற்றுக்குப் பெயர்; பார்க்குமிடம் என்பது பொருள். அவற்றுட் சிலவற்றின் ஓரத்தில் ஒரு சிறு இரும்புக் கூடமும், நாலைந்து மேஜைகளும் இருக்கும். ஆடம்பரம் எதுவுமில்லை. சிறு கண்ணாடிக் குவளையில் பீர் வாங்கிக்கொண்டு கைப்பிடிச் சுவரருகே அமர்ந்தால், நகரம் முழுவதும் காலடியில் கிடக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றிய இத்தகைய கூடங்கள் பல, நாளடைவில் பாழடைந்தன. 2009-ஆம் வருஷத்தில் அவற்றுட் சிலவற்றைச் செப்பனிட்டு மீண்டும் திறந்தார்கள்.

மதுபானத்தின் பெருமையைப் பாடப் புகுந்தோமென்று நேயர்கள் ஐயுற வேண்டாம். கள்ளுக்கடை மறியலில் நின்றோரின் வழிவந்த நமக்கு அது தகாது. அங்கே காப்பி அருந்துவோனுக்கும் அதே நாற்காலிதான். ஒன்றும் வாங்காமல் கற்படியில் உட்காருவோனுக்கும் அதே ஆகாயந்தான். இந்த ஸமத்துவமே நம்மை எழுதத் தூண்டியது.

ஸாந்தா கதரீனா என்னும் குன்றை எடுத்துக்கொள்வோம். அங்கே 1927-இல் நிறுவிய அடமஸ்தோர் என்ற பூதத்தின் சிலை இருக்கிறது. 1572-இல் வெளியான தமது காவியத்தில் மகாகவி கமோயென்ஷ் படைத்த பூதம் இது. ஆப்பிரிக்காவின் தென்முனையில் எழுந்து வாஸ்கோ ட காமாவின் கப்பல்களைப் பயமுறுத்துவது. 1497-இல் அக்கப்பல்கள் புறப்பட்ட டேகஸ் நதியே கீழே விரிந்து கிடக்கிறது. மறு வருஷம் அவை கோழிக்கோட்டருகே நங்கூரமிட்டதும், 1510-இல் பிடிபட்ட கோவா 1961 வரை மீளாததும் யாவரும் அறிந்தவை. பூதம் இன்னும் சற்று மும்முரமாகத் தடுத்திருக்கலாகாதா என்று அங்கு அமர்ந்த இந்தியன் ஒருவன் எண்ணினால், அது குற்றமாகாது!

மேற்கே நோக்கினால் செந்நிறத் தொங்குபாலம். 1966-இல் திறந்தபொழுது ஸர்வாதிகாரி ஸலஸாரின் பெயரைத் தாங்கியது; 1974 ஏப்ரல் 25-ஆம் தேதிப் புரட்சிக்குப் பின் அந்தத் தேதியையே பெயராகக் கொண்டது. அதற்கப்பால், எதிர்க்கரையில், கைகளை விரித்து நிற்கும் கிறிஸ்துவின் பெருஞ்சிலை, 1959-இல் திறக்கப்பட்டது. ஒரு தேசத்தின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒரு குவளை பீரின் விலைக்கு, அல்லது விலையின்றியே, ஒருவன் பார்த்து விடலாம். எந்தப் பள்ளிக்கூடத்தில் இவ்வளவு மலிவாகச் சரித்திரம் கிடைக்கும்?

நிற்க. 2018-இல் நகரசபையார் இக்குன்றைப் புதுப்பிக்கும் வேலைக்கென்று மூடினார்கள். ஓராண்டுக்கு மேல் அது மூடியே கிடந்தது. வேலியிட்டு இரவில் பூட்டிவிடுவது என்ற யோசனையும் உடன் கிளம்பியது. அண்டை வீட்டார் இரைச்சலையும், குப்பையையும், லாகிரி வஸ்து விற்போரையும் பற்றி முறையிட்டதே காரணம். அம்முறையீடு பொய்யன்று, நள்ளிரவில் தூக்கமிழந்தவன் கோபத்தை நாம் பரிஹஸிக்கமாட்டோம். ஆயினும் வேலியை எதிர்த்து நகரவாசிகள் பலர் கிளர்ச்சி செய்தனர். நமது அநுதாபம் அவர்கள் பக்கமே. இரைச்சலுக்குக் காவலரும், குப்பைக்குத் தோட்டிகளும், லாகிரி வஸ்துவுக்குச் சட்டமும் இருக்கின்றன. வேலியோ, குற்றம் செய்தவனையும் செய்யாதவனையும் சேர்த்தே வெளியில் நிறுத்தும்.

பூட்டுகிற நேரம் எது என்பதையும் கவனிக்க வேண்டும். பகலில் குன்றுக்கு வருவோர் பெரும்பாலும் பிரயாணிகள். ஹோட்டலில் தட்டுக் கழுவுபவனுக்கும், கடை மூடிவிட்டு வருகிற சிப்பந்திக்கும் ஓய்வு கிடைப்பது இரவு பத்து மணிக்குமேல். அப்பொழுது ஒரு குவளையுடன் ஆற்றைப் பார்த்து உட்கார அவனுக்கு வேறு இடம் ஏது? இதே ஆற்றைப் பெரிய ஹோட்டல்களின் மேல்தளத்திலிருந்தும் பார்க்கலாம். பானத்துக்குப் பன்மடங்கு விலை. அந்த மேல்தளங்களுக்கு வேலியிட வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை.