பிள்ளை கையில் புகை: யார் பழக்கிவிடுவது?

பெற்றோர்களே,

மகன் புகை பிடிக்கிறான் என்று தெரிந்ததும், "கூட்டாளிங்க கெடுத்துட்டானுங்க" என்கிறோம். அது பாதிதான் உண்மை.

பள்ளிக்குப் போகும் வழியில், "ஒரு தடவை இழுத்தா ஒண்ணும் ஆகாதுடா" என்று பெரிய பையன் ஒருவன் நீட்டுவான். மறுத்தால் கேலி செய்வார்கள். கேலிக்குப் பயந்தே பல பிள்ளைகள் வாங்கி இழுக்கிறார்கள்.

மறு பாதி நம் வீட்டில் இருக்கிறது. வேலை விட்டு வந்ததும் அப்பா பற்ற வைப்பதைப் பிள்ளை தினமும் பார்க்கிறான். "ஒரு பெட்டி வாங்கிட்டு வாடா" என்று கடைக்கும் அனுப்புகிறோம். புகைப்பதுதான் ஆம்பளைக்கு அடையாளம் என்று நாமே சொல்லிக்கொடுத்தது போலாகிறது. வெற்றிலையோடு புகையிலை போடுவதும் ஆபத்துதான்; வாய்ப்புற்று வரும்.

இப்போது வேப் வேறு வந்துவிட்டது. பழ வாசனை வருவதால் அம்மாவுக்குச் சந்தேகமே வராது. சுகாதார அமைச்சு இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்வில், வேப் பிடிப்பவர்கள் 2017-இல் 100-க்கு சுமார் 10 பேர். 2022-இல் சுமார் 15 பேர்.

சிகரெட்டிலும் பெரும்பாலான வேப்பிலும் உள்ள நிக்கோட்டின் சில விநாடிகளில் மூளைக்கு ஏறுகிறது. மனித மூளை முழு வளர்ச்சி அடைய ஏறக்குறைய 25 வயதாகும். பால் மரத்தைக்கூட பருமன் வந்த பிறகுதான் வெட்டுகிறோம். இளங்கன்றில் கத்தி வைப்பதில்லை. வளரும் மூளையில் நிக்கோட்டின் பட்டால், பழக்கம் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், விடுவது கஷ்டம். படிப்பில் கவனமும் குறையும்.

2024 அக்டோபர் 1-இல் நடப்புக்கு வந்த சட்டப்படி, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு சிகரெட், வேப் எதையும் விற்கக்கூடாது. ஆனால் சட்டம் கடையைத்தான் பார்க்கும். வீட்டை நாம்தான் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியவை:

1. சிகரெட் வாங்கப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

2. வீட்டுக்குள்ளே யாரும் புகைக்க வேண்டாம். பெட்டியையும் லைட்டரையும் கண்ணில் படும்படி வைக்காதீர்கள்.

3. பிள்ளை பிடிப்பது தெரிந்தால் அடிக்காதீர்கள். அடித்தால் ஒளித்துப் பிடிப்பான். உட்கார வைத்து, யார் கொடுத்தது, எப்போதிலிருந்து என்று கேளுங்கள்.

4. கேலி செய்பவனுக்கு என்ன பதில் சொல்வது என்று சொல்லிக்கொடுங்கள். "எனக்கு வேணாம், நான் பந்து விளையாடணும்" என்றாலே போதும்.

5. புகைப் பழக்கத்தை விட அரசாங்க கிளினிக்கில் உதவி கிடைக்கும். அப்பாவும் மகனும் சேர்ந்தே போகலாம்.

"நானும் விடுறேன், நீயும் விடு" என்று அப்பா சொன்னால், மகன் காதில் அது ஏறும்.