மொரிஸ் மைனரின் பின் வில்லுகள்

1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் தயாரான மொரிஸ் மைனரின் பின்பாரத்தைத் தாங்குவது, பட்டைகளாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். வயதாக ஆகப் பட்டைகள் வளைவு இழக்கும். காரின் பின்பக்கம் தாழும்.

கற்பிட்டிப் பக்கத்துக் கண்டக்குழி போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்று கேட்டைக் கூட்டுகிறது. பட்டைகளுக்கிடையே துரு ஏறினால் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்காது. வில் இறுகி, ஒவ்வொரு குழியும் உடலில் இடிக்கும். மேலே கிறீஸ் பூசினால் போதாது. அதில் மணல் ஒட்டி அரம்போல் தேய்க்கும். கழற்றித் துரு நீக்கிப் பூட்டுவதே சரி.

கூடுதல் பட்டை சேர்த்தால் பாரம் தாங்கும், ஆனால் வெறும் கார் துள்ளும். குடும்பக் காருக்குப் பழைய அளவிலேயே புதிய வில் நல்லது. இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். யூ போல்ட்டுகளும் புதிதாக இருக்கட்டும். நடு போல்ட்டின் தலை அதற்குரிய துளையில் உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்ப்பது முக்கியம். உட்காராவிட்டால் அச்சு கோணலாகும். றப்பர் புஷ் போல்ட்டுகளைக் கார் தரையில் நின்ற பிறகே இறுதியாக முறுக்க வேண்டும். ஜாக்கில் தொங்கும்போதே முறுக்கினால் றப்பர் திருகியபடி இருந்து சீக்கிரம் கிழியும்.