உஷார்! வற்றும் ஏரியில் படகை இறக்குமுன்...

லாஸ் வேகாஸ் பயணத்தில் ஒரு நாளை மீட் ஏரிக்கு ஒதுக்கியிருக்கிறீர்களா? இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாடகைப் படகு எடுப்பதாகத் திட்டமா? நல்லது. ஆனால், முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சில வருடங்களுக்கு முன் போய்வந்த நண்பர் சொன்ன வழி, போனில் சேமித்து வைத்த வரைபடம், யூடியூபில் பார்த்த அழகான வளைகுடா, எதையும் நம்பிப் படகை எடுக்காதீர்கள். பெயர்தான் அதே, ஏரி வேறு.

எவ்வளவு இறங்கியது?

கொலராடோ ஆற்றின் குறுக்கே 1930-களில் கட்டப்பட்ட ஹூவர் அணையின் நீர்த்தேக்கம்தான் மீட் ஏரி. நெவாடா, அரிசோனா மாநிலங்களின் எல்லையில் கிடக்கிறது. கொள்ளளவில் அமெரிக்காவின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். 2000-ம் ஆண்டின் தொடக்கத்தில் அதன் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,214 அடி. 2022 ஜூலையில் அது ஏறத்தாழ 1,040 அடி. இடைப்பட்ட 22 ஆண்டுகளில் 170 அடிக்கு மேல் இறங்கிவிட்டது. கொள்ளளவில் மிஞ்சியது 27 சதவீதம். அணை கட்டி முதன்முதலாக ஏரியை நிரப்பிக்கொண்டிருந்த 1937-க்குப் பிறகு அவ்வளவு தாழ்ந்த மட்டத்தை யாரும் பார்த்ததில்லை. சுற்றிலும் பாறைகளில் தெரியும் வெள்ளைப் பட்டை, தண்ணீர் முன்பு நின்ற உயரத்தின் அடையாளம்.

2022-ல் அங்கே இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஹிக்கின்ஸ் படகு ஒன்று வெளியே தெரிந்தது. ஒருகாலத்தில் 185 அடி ஆழத்தில் கிடந்த படகு அது. உலகமெங்கும் படம் வந்தது. பார்த்து வியந்தோம், மறந்தோம். படகு ஓட்டுகிறவர் யோசிக்க வேண்டியது வேறு. வெளியே வந்துவிட்டதைக் கண்ணால் பார்த்து ஒதுங்கிவிடலாம். வெளியே வராமல், தண்ணீருக்கு ஒரு முழம் கீழே நிற்கும் பாறையையும் இரும்பையும் என்ன செய்வீர்கள்?

2023-ல் மலைகளில் நல்ல பனி பெய்து மட்டம் கொஞ்சம் ஏறியது. ஆபத்து விலகிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. வற்றிய காலத்தில் கரையில் தழைத்த புதர்கள், ஏறிய தண்ணீருக்குள் மறைந்துவிடும். மட்டம் இறங்கினாலும் அபாயம், ஏறினாலும் அபாயம்.

ஆழக் கணக்கை நீங்களே போடுங்கள்

ஆழம் காட்டும் வரைபடங்கள் பெரும்பாலும் ஏரி நிரம்பியிருந்தால் என்ன ஆழம் என்று கணக்கிட்டு வரைந்தவை. 160 அடி என்று போட்டிருக்கும் இடத்தில், இன்றைய மட்டம் நிரம்பிய மட்டத்தைவிட 150 அடி குறைவு என்றால், உங்கள் படகுக்குக் கீழே இருப்பது 10 அடிதான். பக்கத்தில் 145 அடி என்று போட்டிருந்தால் அது இப்போது கரை! வரைபடம் எந்த மட்டத்தை வைத்து வரையப்பட்டது என்று பார்த்து, இன்றைய மட்டம் அதைவிட எவ்வளவு குறைவோ அதை வரைபட ஆழத்திலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

படகில் ஆழமானி இருக்கிறதே என்று தைரியம் கொள்ளாதீர்கள். சாதாரண ஆழமானி படகுக்கு நேர் கீழே உள்ளதைத்தான் சொல்லும். எதிரே வரும் பாறையைச் சொல்லாது. மிதவைகளும் மட்டம் மாற மாற இடம் மாற்றப்பட வேண்டியவை. நேற்று சரியாக இருந்த மிதவை இன்று பிந்தியிருக்கலாம். பழக்கமில்லாத இடத்தில், குறிப்பாகக் கரையோரமும் தீவுகளுக்கு இடையிலும், வேகத்தைக் குறையுங்கள். தண்ணீரின் நிறம் மாறினால் நிறுத்துங்கள். ப்ரொப்பல்லர் பாறையில் மோதினால் செலவு. படகு வேகத்தில் மோதினால் உயிர்.

சேற்றுக்கு மேல் எஞ்சினை முடுக்கினால், குளிர்விக்க உள்ளே இழுக்கும் தண்ணீரோடு மண்ணும் போகும். எஞ்சின் சூடேறி நின்றுவிடும், அதுவும் கரையிலிருந்து வெகுதூரத்தில்.

ராம்ப் திறந்திருக்கிறதா?

2022 கோடையில் மீட் ஏரியில் படகைத் தண்ணீரில் இறக்கும் சரிவுத் தளங்களான ராம்ப்களில் பெரும்பாலானவை மூடப்பட்டு, ஹெமன்வே துறை ஒன்றே இயங்கிய நிலை வந்தது. ராம்பை நீட்டிக்கொண்டே போக முடியாதா என்று கேட்கலாம். நீட்டினார்கள், தண்ணீர் மேலும் விலகியது. அடியில் தரை சரிவாக இல்லாமல் தட்டையாகிவிட்டால் நீட்டியும் பயனில்லை. மிச்சமிருந்த ஒரே ராம்பில் எல்லாப் படகுகளும் குவிந்தன. அவசரம், வரிசை, வாக்குவாதம் எல்லாம் சேரும் இடம் அது.

சொந்தப் படகு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிரெய்லரைப் பின்னால் இறக்கும்போது, ராம்பின் கான்கிரீட் எங்கே முடிகிறது என்று இறங்கிப் பார்த்துவிட்டு இறக்குங்கள். அந்த விளிம்பைத் தாண்டிச் சக்கரம் விழுந்தால், டிரெய்லரோடு வண்டியும் மாட்டும்.

காய்ந்த தரையை நம்பாதீர்கள்

வெடித்துக் காய்ந்து கிடக்கும் ஏரிப்படுகையைப் பார்த்தால் பிள்ளைகள் ஓடத்தான் செய்வார்கள். மேலே ஓடு; கீழே குழைந்த சேறு. காலை வைத்தால் முழங்கால்வரை இறங்கும். வண்டியைத் தண்ணீர் அருகில் கொண்டுபோக வேண்டும் என்று அதன்மேல் ஓட்டவே ஓட்டாதீர்கள். 2007-ல் இந்த ஏரியில் கண்டுபிடிக்கப்பட்ட குவாகா என்ற அந்நிய மட்டி இனம் பெருகிவிட்டது. வற்றிய கரையில் அதன் ஓடுகள் பாதத்தைக் கிழிக்கும், செருப்பில்லாமல் இறங்கவிடாதீர்கள். அந்த மட்டி பரவாமலிருக்க, படகை வெளியே எடுத்ததும் கழுவி, தண்ணீரை முழுக்க வடித்து, உலர்த்திவிட்டுத்தான் வேறு ஏரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

வழியே அடைபடும்

மீட் ஏரியோடு இது நிற்கவில்லை. அதே ஆற்றில் மேலே உள்ள பவல் ஏரியில், காசில் ராக் கட் என்ற குறுக்குவழி மட்டம் இறங்கினால் தரையாகிவிடும். ஏறத்தாழ 12 மைல் சுற்ற வேண்டும். எரிபொருளைச் சரியாகக் கணக்கிட்டு வந்தவர் பாதியில் நிற்பார். போவதற்கு மூன்றில் ஒரு பங்கு, திரும்ப ஒரு பங்கு, ஆபத்துக்கு ஒரு பங்கு என்ற கணக்கை மீறாதீர்கள். பல இடங்களில் போன் சிக்னல் இருக்காது. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கலிபோர்னியாவின் ஓரோவில் ஏரியில் 2021 கோடையில் நூற்றுக்கு மேற்பட்ட ஹவுஸ்போட்களைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரையேற்றினார்கள். அந்த ஆகஸ்டில் அங்குள்ள மின்நிலையமே தண்ணீர் போதாமல் நின்றது. இரண்டே ஆண்டில் அதே ஏரி நிரம்பியது. ஏரியின் நிலை அவ்வளவு சீக்கிரம் புரளும். அதனால்தான் போன முறை அனுபவம் இந்த முறைக்கு உதவாது.

லைஃப் ஜாக்கெட்: பேரமே கூடாது

மீட் ஏரியில் காற்று திடீரென்று எழும். தட்டையாகக் கிடந்த தண்ணீர் சில நிமிடங்களில் அலையடிக்கும். காற்றடைத்த மிதவைப் பொம்மையைப் பிடித்தபடி மிதப்பவரை அந்தக் காற்று ஏரி நடுவுக்குத் தள்ளிவிடும். ஓடும் படகில் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். பெரியவர்களும் போடுங்கள். நீச்சல் தெரியும் என்பவரும் போடுங்கள்.

மீட் ஏரி சீக்கிரம் நிரம்பாது

இந்த ஏரியை நம்பி 2.5 கோடி மக்கள் இருக்கிறார்கள். 1922-ல் மாநிலங்கள் பங்குபோட்டுக்கொண்ட தண்ணீர், ஆறு உண்மையில் தருவதைவிட அதிகம். அதன்மேல் 2000-லிருந்து நீளும் வறட்சியும் வெப்பமும். 2021 ஆகஸ்டில் அமெரிக்க அரசு வரலாற்றில் முதல்முறையாக இங்கே பற்றாக்குறையை அறிவித்தது. 2022-ல் பவல் ஏரியைக் காப்பாற்ற, அங்கிருந்து மீட் ஏரிக்கு விடும் நீரையும் குறைத்தார்கள். குடிநீரும் பயிரும் மின்சாரமும் முன்னால் நிற்க, நம் படகு வரிசையில் கடைசி. அது நியாயமும்கூட.

ஆகவே, கிளம்பும் வாரத்தில் மூன்றைப் பாருங்கள். ஒன்று, தேசியப் பூங்காத் துறை அறிவிக்கும் ராம்ப் நிலவரம். இரண்டு, அன்றைய நீர்மட்டம். மூன்று, அன்றைய காற்று எச்சரிக்கை. மாதங்களுக்கு முன்பே திட்டமிடுகிறவர்கள், அமெரிக்க நீர்வள நிர்வாகம் மாதந்தோறும் வெளியிடும் அடுத்த 24 மாத நீர்மட்டக் கணிப்பையும் பாருங்கள். இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் முன்பணம் போனால் போகிறது என்று திட்டத்தை மாற்றுங்கள். பிள்ளைகள் கோபிப்பார்கள், கோபிக்கட்டும். மூடிய ராம்பில் கயிற்றைத் தாண்டிப் படகை இறக்கும் துணிச்சல் மட்டும் யாருக்கும் வேண்டாம்.